சாம்பாருக்கு ஐந்து நட்சத்திரம், பாத்திரம் தேய்த்தவளுக்கு?

வெளிநாட்டில் வாழும் நம்மவர் ஒருவர் இந்திய உணவகத்தில் சாப்பிட்டு வெளியே வந்ததும் என்ன செய்கிறார்? கைபேசியை எடுத்து நட்சத்திரம் போடுகிறார். தோசை முறுகலா, சாம்பார் தித்திப்பா, சட்னி இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளித்தார்களா, கழிப்பறை சுத்தமா என எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதுகிறார். "அப்படியே ஊர்ச் சாப்பாடு" என்று பாராட்டி முடிக்கிறார். ஊரிலிருந்து ருசி மட்டும்தான் கப்பலேறியதா? சாதி ஏறவில்லையா?

ஓர் உணவகத்தின் கதையைச் சொல்கிறேன். இது நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரம். மாணவர் போராட்டங்களுக்குப் பேர்போன பல்கலைக்கழக ஊர். அங்கே 'பசந்த்' என்றொரு உணவகம் இருந்தது. மெட்ராஸ் சமையல் என்பதே அதன் அடையாளம். அதன் முதலாளி லக்கிரெட்டி பாலி ரெட்டி. ஆந்திராவில் அன்று கிருஷ்ணா மாவட்டத்தில் இருந்த வெல்வடம் கிராமத்து நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகளுக்குச் சொந்தக்காரர்.

1999 நவம்பர் 24. அவருக்குச் சொந்தமான ஒரு குடியிருப்பில், வீட்டைச் சூடாக்கும் கருவியின் புகை வெளியேற வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு நிரம்பி, 17 வயதுப் பெண் ஒருத்தி செத்துப்போனாள். 15 வயதுத் தங்கை பிழைத்தாள். இருவரும் வெல்வடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தலித் சிறுமிகள். போலிப் பெற்றோரின் பிள்ளைகள் என்று விசாத் தாளில் எழுதி விமானம் ஏற்றப்பட்டவர்கள். இப்படிக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பில்தான் உணவகமும் ஓடியது, வாடகை வீடுகளும் சுத்தமாயின. சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாக்கப்பட்டார்கள். 2001 இல் ரெட்டி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 97 மாதச் சிறை, பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. 2008 இல் வெளியே வந்துவிட்டார்.

அத்தனை ஆண்டுகள் அந்த உணவகத்தில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்? படித்தவர்கள், முற்போக்காளர்கள், நம் தென்னிந்தியர்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகள் ஏன் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லையே, ஏன்?

கேள்வி கேட்டவர்கள் வேறு ஆட்கள். மயங்கிக் கிடந்த பெண்களை ஆட்கள் தூக்கி வேனில் ஏற்றுவதைக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று வண்டியை நிறுத்தினார். அவர் நிறுத்தியதால்தான் போலீஸ் வந்தது. பெரிய பத்திரிகைகள் அதை ஒரு விபத்துச் செய்தியாகக் கடந்துபோயின. பெர்க்லி உயர்நிலைப் பள்ளியின் மாணவர் பத்திரிகையில் எழுதிய இரண்டு மாணவிகள் கடந்துபோகவில்லை. செத்துப்போனவளுக்குத் தங்கள் வயதுதான், அவள் ஏன் எந்தப் பள்ளியிலும் இல்லை என்று தேடினார்கள். கொத்தடிமை முறை இருக்கலாம் என்று 1999 டிசம்பரிலேயே எழுதினார்கள். ரெட்டி கைதானது அடுத்த மாதம். மாணவத் தோழர்களே, இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் இருந்தது பள்ளிக்கூடப் பத்திரிகை ஒன்றுதான்.

"சாப்பிடப் போகிறவன் சாப்பாட்டைத்தானே பார்ப்பான், அடுப்படியில் யார் என்றா விசாரிப்பான்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் நம் நாட்டில் அடுப்படியில் யார் என்று விசாரிக்காமல் சாப்பிட்ட காலம் எது? சமைப்பவரின் சாதி வியாபாரத்துக்கு உதவும் என்றால் அதைப் பலகையிலேயே எழுதி மாட்டியவர்கள் அல்லவா இவர்கள்! 1957 இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் போய்க் கைதானார்கள். அந்த ஒற்றைச் சொல் வாடிக்கையாளனுக்கு என்ன சொன்னது? "கவலைப்படாதே, உன் இலையைத் தொடும் கை யாருடையது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றது. ஆக, சமைத்த கை எது என்ற அக்கறை நம் வாடிக்கையாளனுக்கு எப்போதும் இருந்தது. பாத்திரம் தேய்த்த கை எது, அதற்குக் கூலி கிடைத்ததா என்ற அக்கறைதான் இருந்ததில்லை.

"அது ஒரு கெட்ட மனிதன் செய்த குற்றம், சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பது அடுத்த வாதம். ஒரு மனிதன் கெட்டவனாக இருக்கலாம். ஆனால் கேட்டவுடன் பிள்ளையை அனுப்பிவைக்கும் அளவுக்கு வறுமையும் பயமும் ஒரு சேரியில் யார் உண்டாக்கியது? நிலம் ஒரு சாதியிடம், கூலி இன்னொரு சாதியிடம் என்ற ஏற்பாடுதான் அந்தச் சிறுமிகளை அவர் கைக்குக் கொடுத்தது. அதே பகுதியில் உள்ள மைலவரத்தில் அவர் பெயரைத் தாங்கிய பொறியியல் கல்லூரி தண்டனைக்குப் பிறகும் அதே பெயரில் நடந்துவருகிறது. அந்தச் சிறுமிகளின் நினைவாக அங்கே என்ன இருக்கிறது?

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் இரு அவைகளும் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் நியூசம் அக்டோபரில் கையெழுத்திட மறுத்தார். இருக்கும் சட்டமே போதுமாம். அமெரிக்காவில் ஏது சாதி என்று எதிர்த்தவர்களும் நம் இந்தியர்களே. பெர்க்லி நடந்த அதே மாநிலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் தோழர்களே, தோசை சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வயிறாரச் சாப்பிடுங்கள், கூடவே கண்ணையும் திறந்துவையுங்கள். வேலை செய்பவரிடம் சாதி கேட்காதீர்கள், அது அவரை இன்னொரு முறை அவமானப்படுத்துவது. எந்த ஊர், எத்தனை மணி நேர வேலை, வார விடுமுறை உண்டா, சம்பளம் கைக்கு வருகிறதா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று அவர் மொழியில், முதலாளி காதில் விழாமல் பேச்சுக் கொடுங்கள். ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் உடனே இணையத்தில் ஊரைக் கூட்டாதீர்கள். விசா முதலாளி கையில் இருந்தால் முதல் அடி தொழிலாளிக்குத்தான் விழும். அவர் சம்மதத்தோடு தொழிலாளர் அமைப்பிடமோ சட்ட உதவி மையத்திடமோ போங்கள். பெர்க்லி கொடுமைக்குப் பிறகு அங்கிருந்த தெற்காசிய இளைஞர்கள் 2000 இல் திரண்டு ஓர் அமைப்பே கட்டினார்கள். உங்கள் ஊரிலும் நான்கு பேர் சேர முடியாதா?

அந்தப் பெண் உயிரோடு இருந்திருந்தால் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பாள். நீங்கள் அடுத்த நட்சத்திரத்தை அழுத்தும் முன் அவளை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுப்படிக் கதவுப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

ஜெய் பீம்!