உதைபந்தாட்ட அரங்குகளும் பொருளாதார மந்தமும்

"மந்தம் வந்தது, வேலை நின்றது" என்ற ஒற்றை வாக்கியத்தாற் பல உதைபந்தாட்டக் கழக நிருவாகங்கள் தம் பொறுப்பினைக் கழுவிவிடுகின்றன. பத்திரிகைகளும் அதனையே திருப்பிச் சொல்கின்றன. மழை பெய்தமையாற் கூரை ஒழுகிற்று என்பது எவ்வளவு விளக்கமோ, அவ்வளவே இதுவும் விளக்கம். மழை எல்லா வீட்டின் மீதும் பெய்கின்றது. ஒழுகுவன சில கூரைகளே. எனவே, ஒரு கழகத்தின் புதிய அரங்குத் திட்டம் மந்தத்தைத் தாண்டிப் பிழைக்குமா என வினவுவோர், மந்தத்தின் கடுமையை அளந்துகொண்டிருப்பதை விடுத்து, அத்திட்டத்துக்கான பணம் எங்கிருந்து வருவதாக எழுதப்பட்டிருந்தது என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் வலன்சியாக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2002 இலும் 2004 இலும் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்ற கழகம் அது. 1923 இல் திறக்கப்பட்ட மெஸ்தாயா மைதானமே அதன் இருப்பிடம். நகரின் விலைமதிப்புள்ள பகுதியொன்றில் அமைந்த அந்நிலத்தை விற்று, அப்பணத்தைக் கொண்டு நகரின் மற்றொரு புறத்தே ஏறத்தாழ 75,000 பேர் அமரத்தக்க அரங்கொன்றை எழுப்புவது என்பதே திட்டம். அக்காலத் தலைவர் குவான் சோலேர் நிலவியாபாரத்திலும் கட்டட முயற்சிகளிலும் ஈடுபட்டவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 2007 ஓகஸ்ற் மாதத்தில் வேலை தொடங்கிற்று. பழைய நிலமோ அப்பொழுதும் விற்கப்படவில்லை.

நோயின் மூலம் இவ்விடத்திலேயே உள்ளது. விற்காத நிலத்தின் விலையை வரவாக எழுதி, அவ்வரவை நம்பி வங்கியிற் கடன் பெற்று, அக்கடனைக் கொண்டு கொங்கிறீற்றுத் தூண்களை நிறுத்தினார்கள். இதனை அரங்குத் திட்டம் என்பதிலும் நிலவிலை மேன்மேலும் ஏறும் என்பதன்மேல் வைக்கப்பட்ட பந்தயம் என்பதே பொருந்தும். 2008 இல் ஸ்பெயினின் நிலச் சந்தை சரிந்தபொழுது வாங்குவோர் மறைந்தனர். 2009 பெப்ரவரியில் வேலை முற்றாக நின்றது. கழகத்தின் கடன் 500 மில்லியன் யூரோவைத் தாண்டியிருந்தது. இதற்கிடையே, 2008 மே மாதத்தில் அவ்விடத்தே சாரம் சரிந்து நான்கு தொழிலாளர் உயிரிழந்திருந்தனர். அரங்கின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் இதனை ஓர் அடைப்புக்குறிச் செய்தியாகக் கடந்து செல்கின்றனர். ஆட்டமொன்றேனும் ஆடப்படாத மைதானம் நான்கு உயிர்களை வாங்கிற்று என்பதை அவ்வளவு எளிதிற் கடந்துவிட எம்மால் இயலாது.

"எவர்தாம் எதிர்பார்த்தார்?" என்று கேட்பர். சரிவின் மாதத்தையும் நாளையும் எவரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால், நிலம் விலைபோகாதவிடத்து என் செய்வது என்ற வினாவை எழுப்புவதற்குத் தீர்க்கதரிசனம் வேண்டியதில்லை. சாதாரண கணக்காளரின் அறிவே போதும். அவ்வினா எழுப்பப்படாமைக்குக் காரணம் அறியாமையன்று. விலை ஏறினாற் பயன் பெறுவோர் ஒருசாரார், இறங்கினால் இழப்பவர் பிறிதொரு சாரார் என்பதே காரணம்.

இழந்தவர் யாவர் என்று பார்ப்போம். 2010 இல் டேவிட் வில்லா 40 மில்லியன் யூரோவுக்குப் பார்சிலோனாவுக்கு விற்கப்பட்டார். டேவிட் சில்வா மான்செஸ்ரர் சிற்றிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு குவான் மாற்றாவும் சென்றார். (ஸ்பெயின் உலகக் கிண்ணத்தை வென்ற அதே கோடைகாலத்தில் வலன்சியா தன் சிறந்த வீரர்களை விற்றுக்கொண்டிருந்தது!) கழகத்தின் பங்குகளை வாங்குவதற்கென அதன் அறக்கட்டளை பெற்ற ஏறத்தாழ 75 மில்லியன் யூரோக் கடனுக்குப் பிணைநின்றது பிராந்திய அரசின் நிதி நிறுவனம், அதாவது பொதுமக்கள். அக்கடனைச் செலுத்த இயலாத நிலையில், 2014 இல் சிங்கப்பூர்ச் செல்வந்தர் பீற்றர் லிம் ஏறத்தாழ 70 வீதப் பங்குகளைக் கைப்பற்றினார். மக்கள் வீரரை இழந்தனர். பின்னர் கழகத்தையே இழந்தனர். அவர் ஆட்சிக்கு எதிராக ஆதரவாளர் ஆண்டுதோறும் வீதியில் இறங்கியதன் பின்னணி இதுவே.

மந்தமே காரணமென்பாருக்கு மறுமொழி அதே நாட்டிலே, அதே காலத்திலே உண்டு. பில்பாவோ நகரின் அத்லெற்றிக் கழகம் 2010 இல் தன் புதிய சான் மாமெஸ் அரங்கின் வேலையைத் தொடங்கி, வேலையின்மை 25 வீதத்தைத் தாண்டியிருந்த 2013 இலேயே அதனைத் திறந்தது. பழைய மைதானத்தின் அருகே மூன்று புறங்களை எழுப்பி, பழையதை இடித்தபின் நான்காம் புறத்தை 2014 இல் முடித்தது. நிலவிற்பனையை நம்பி அது நிற்கவில்லை. கழகம், மாகாண நிருவாகம், மாநகர சபை, பாஸ்க் அரசு, சேமிப்பு வங்கி ஆகியன முன்கூட்டியே பங்கேற்றன. மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் பணமில்லை எனப்பட்ட நாட்களிற் பொதுப்பணம் ஆட்டத்துக்குச் சென்றமை சரியோ என்பது நியாயமான வினாவே. அதனை யாம் மூடிமறைக்கவில்லை. ஆயினும், பில்பாவோ மக்கள் தாம் எதற்குக் கொடுத்தோம் என்பதை அறிந்து கொடுத்தனர். வலன்சியா மக்கள் பிறர் தோற்ற பந்தயத்துக்குப் பின்னர் பிணையாளராக இழுக்கப்பட்டனர்.

மற்றொரு வேறுபாடும் உண்டு; யாம் அதனையே பெரிதெனக் கருதுகின்றோம். 1990 ஆம் ஆண்டின் ஸ்பானிய விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கழகங்களைப் பங்குக் கம்பனிகளாக மாற நிர்ப்பந்தித்தபொழுது, நான்கு கழகங்களே அங்கத்தவர் உடைமையாக எஞ்சின. அவற்றுள் அத்லெற்றிக் ஒன்று. வலன்சியா கம்பனியாயிற்று. கம்பனியானவை யாவும் அழிந்தன என்பது எம் வாதமன்று. அங்கத்தவர் முன்னிலையிற் கணக்குக் காட்டவேண்டிய நிருவாகம், விற்காத நிலத்தை வரவாக எழுதுமுன் சற்றுத் தயங்கும் என்பதே எம் வாதம்.

இங்கிலாந்தும் இதற்குச் சான்று தரும். லிவர்பூற் கழகத்தை 2007 இல் வாங்கிய இரு அமெரிக்கர், ஸ்ரான்லி பூங்காவில் மாபெரும் அரங்கெழுப்புவதாக வாக்களித்தனர். கழகத்தை வாங்குவதற்கே கடன்பட்டவர் அரங்குக்கு எங்கிருந்து கடன்படுவர்? 2010 இற் கழகம் கைமாறிற்று. புதிய உரிமையாளர் 2012 இல் அத்திட்டத்தைக் கைவிட்டுப் பழைய அன்பீல்ட் மைதானத்தையே விரிவாக்கத் துணிந்தனர். 2016 இற் பிரதான பார்வையாளர் பகுதி திறக்கப்பட்டது. அடக்கமான திட்டமே நிறைவேறிற்று.

வலன்சியாவின் கொங்கிறீற்றுக் கூடு ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றது. 2025 ஜனவரியில் வேலை மீண்டும் தொடங்கியுள்ளது. 2027 இற் திறக்கப்படும் என்கின்றனர். ஆகவே திட்டம் பிழைத்துவிட்டது என்று மகிழ்வோர் இனி எழுதுவர். பிழைத்தது கொங்கிறீற்று, 2007 இல் மைதானம் எவருடையதாக இருந்ததோ அவர்கள் கையில் அது இன்றில்லை. பழைய மெஸ்தாயா நிலத்தின் விற்பனை இம்முறையும் கணக்கில் இடம்பெற்றிருக்கின்றது.