இணைப்புக்குக் காசு வாங்குவோர் காவலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்

சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்கும் தோழர் முதல் வீட்டு வேலைக்குப் போகும் சகோதரி வரை, திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் இன்று போன் இல்லாத வீடு அபூர்வம். ஊருக்குப் பணம் அனுப்புவது போனில். பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி வருவது போனில். மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவதும் போனில்தான். இதற்காக மாதந்தோறும் ரீசார்ஜ் செய்கிறோம். வீட்டில் வைஃபை வைத்திருப்போர் கேபிள்காரர் கையில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். தவணை தவறினால் லைன் நின்றுவிடுகிறது. வசூலில் இத்தனை கண்ணாக இருக்கும் கம்பெனிகள், அதே லைன் வழியாக நம் வீட்டுக்குள் நுழையும் திருடனைத் தடுக்க என்ன செய்கின்றன? இந்தக் கேள்வியைச் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இது சின்ன விஷயம் அல்ல. 2024-ம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிக்காரர்களிடம் இந்திய மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் கூறியது. அதற்கு முந்தைய 2023-ல் அது 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! கோடீஸ்வரனுக்குப் போனது அவன் சொத்தில் ஒரு பங்கு. நம்மவருக்குப் போவதோ மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், ஊரில் பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட வைத்திருந்த பணம்.

"மக்கள் விழிப்பாக இருக்க வேண்டும்" என்று மேடைதோறும் உபதேசம் செய்கிறார்கள். விழிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுதும் கான்கிரீட் சட்டி சுமந்துவிட்டு இரவு அறைக்குத் திரும்புகிறவர், வாட்ஸ்அப்பில் வந்த "வண்டி அபராத நோட்டீஸ்" உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதைத் தொட்டால் போனுக்குள் ஒரு திருட்டு ஆப் இறங்குகிறது. வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை அது திருடனுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த மாதிரி ஒரு கும்பலைத் தேடி 2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீசார் வாரணாசி வரை போய் இருவரைக் கைது செய்ய வேண்டியிருந்தது. படித்தவர்களும் ஏமாந்த வலை இது.

கம்பெனிகளால் முடியாதா?

வாட்ஸ்அப் செய்திக்குள் என்ன இருக்கிறது என்று லைன் கொடுக்கும் கம்பெனி பார்க்க முடியாது. அது பூட்டிய கடிதம், பூட்டியே இருக்கட்டும். ஆனால் செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டவுடன் நம் போன் கம்பெனியின் கணினியிடம் "இந்தப் பெயருள்ள இடம் எங்கே இருக்கிறது?" என்று விலாசம் கேட்கிறது. பெரும்பாலான போன்கள் அந்த வழியில்தான் போகின்றன. அந்த இடம் மோசடி இடம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் கம்பெனி அங்கேயே வழியை அடைக்கலாம். திருட்டு ஆப் தன் எஜமானனோடு பேசும் பாதையையும் அடைக்கலாம்.

இது கனவு அல்ல. ஏர்டெல் கம்பெனி 2024 செப்டம்பரில், வரும் அழைப்பு தொல்லை அழைப்பாக இருக்கலாம் என்று போன் திரையிலேயே காட்டும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அந்த எச்சரிக்கை தமிழ், மலையாளம் உட்பட 10 இந்திய மொழிகளிலும் கிடைக்கும் என்றது. அடுத்த மாதமே, மோசடித் தளங்களைக் கூடுதல் கட்டணமின்றித் தடுக்கும் திட்டத்தையும் அறிவித்தது. ஒரு கம்பெனிக்கு முடிந்தது மற்ற கம்பெனிகளுக்கு ஏன் முடியாது?

வெளிநாட்டிலும் வழி இருக்கிறது. ஜப்பான் 2006-ல் தொடங்கிய ஏற்பாட்டில், எந்தச் சந்தாதாரரின் கணினியில் நச்சு நிரல் புகுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அவருடைய இணையக் கம்பெனி மூலமாகவே தகவல் சொல்லி, சுத்தம் செய்யும் கருவியையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இந்தியாவிலும் 2017 பிப்ரவரியில் "சைபர் ஸ்வச்தா கேந்திரா" என்ற மையம் இதே நோக்கத்துடன் திறக்கப்பட்டது. தகவலைச் சந்தாதாரரிடம் சேர்க்க வேண்டியவை இணையக் கம்பெனிகள்தான். தோழர்களே, அப்படி ஒரு மையம் இருப்பதாக உங்கள் கம்பெனி உங்களுக்கு என்றைக்காவது சொன்னதுண்டா?

வைஃபை மோடத்தின் கதையைப் பாருங்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்களை ஒரு நச்சு நிரல் தாக்கியது. தொழிற்சாலையில் வைத்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடம்கள்தாம் அதில் மாட்டின. பாஸ்வேர்டை மாற்றும்படி சந்தாதாரர்களிடம் பிறகு கேட்டுக்கொண்டார்கள். மோடத்தை வீட்டில் பொருத்த வந்த அன்றே, ஐந்து நிமிஷத்தில் ஆளே மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தத் தலைவலி வந்திருக்குமா? பூட்டை விற்றவன் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியைக் கொடுத்துவிட்டு, திருடு போனபின் "சாவியை மாற்றியிருக்க வேண்டும்" என்று சொன்னால் அது நியாயமா?

எச்சரிக்கை எந்த மொழியில்?

நம்மைப் பொறுத்தவரை பெரிய குறை மொழி. ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கையை நம்மில் பலர் படிக்காமலே அழித்துவிடுகிறோம். மலையாளம் பேசுகிறோம்; எழுத்துக் கூட்டிப் படிக்க எல்லோராலும் முடிவதில்லை. திருடனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவன் சுத்தத் தமிழிலேயே பேசி ஏமாற்றுகிறான். திருடன் கற்ற தமிழைக் காவல்காரன் கற்க மாட்டானா?

சட்டமும் நம் பக்கம் பேசுகிறது. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களைக் கேட்டு வாங்கும் கம்பெனி அதற்கான அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் பெற வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் உள்ள மொழி. விவரம் வாங்கத் தமிழ் வேண்டும் என்றால், ஆபத்தைச் சொல்லவும் தமிழ் வேண்டும் என்பது நம் வாதம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பரைத் துண்டிக்கப் போகிறோம்" என்று மிரட்டுவதே இன்று ஒரு மோசடி முறை. அப்படியிருக்க, உண்மையான எச்சரிக்கையை எப்படி நம்புவது? இதற்கு வழி, கம்பெனி தன் பேச்சு முறையை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். "எங்கள் எச்சரிக்கையில் இணைப்பு இருக்காது, ஓ.டி.பி. கேட்க மாட்டோம், சந்தேகமிருந்தால் உங்கள் கேபிள்காரரிடமோ அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள்" என்று பில்லில் தமிழில் அச்சடிக்கட்டும். வாசலுக்கு வரும் கேபிள்காரரை நமக்கு முகம் தெரியும். அவரைப் பணம் வாங்க மட்டும் அனுப்பாமல், நாலு வார்த்தை சொல்லவும் பழக்கி அனுப்பட்டும்.

காவல் வேண்டும், வேவு வேண்டாம்

பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை வேவு பார்க்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பர் கடைசியில் "சஞ்சார் சாத்தி" என்ற அரசு ஆப்பைப் புதிய போன்களில் எல்லாம் கட்டாயமாக ஏற்ற வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் அந்தக் கட்டாயத்தை வாபஸ் வாங்கியது. மக்கள் குரல் கொடுத்தால் அரசும் இறங்கி வரும் என்பதற்கு இது சாட்சி. எந்தத் தளத்தை அடைக்கிறார்கள் என்று வெளியே சொல்ல வேண்டும். தவறாக அடைத்தால் முறையிட இடம் வேண்டும். நாம் எதைப் படிக்கிறோம் என்ற கணக்கு அவர்களுக்குத் தேவையில்லை.

கே-ஃபோன் வழிகாட்டட்டும்

2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இணையம் குடிமக்களின் உரிமை என்று அறிவித்த மாநிலம் இது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அத்திட்டத்தின் வாக்குறுதி. 2025 ஆகஸ்ட் 21 அன்று முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகவும் கேரளம் அறிவிக்கப்பட்டது. பெருமைதான், வாழ்த்துகிறோம். அந்தப் பெருமையில் புலம்பெயர்ந்த தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். அரசு கம்பெனியான கே-ஃபோன் முன்னால் நடந்தால் தனியார் கம்பெனிகள் பின்னால் வந்தே தீர வேண்டும்.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, மோசடித் தளங்களைத் தடுக்கும் வசதி மிகக் குறைந்த பிளானுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரண்டாவது, மோடம் பொருத்தும் அன்றே பாஸ்வேர்டை மாற்றி வீட்டுக்காரர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, போனிலோ கணினியிலோ நச்சு நிரல் இருப்பது தெரிந்தால் லைனை வெட்டாமல் முதலில் தகவல் சொல்லி, சுத்தம் செய்யவும் உதவ வேண்டும். நான்காவது, எச்சரிக்கையும் புகார் உதவியும் தமிழில் வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், பணம் கை மாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்தும் வாய்ப்பும் போய்விடும். யார் எவ்வளவு கமிஷன் சொன்னாலும் உங்கள் பாங்க் கணக்கையோ சிம்மையோ வாடகைக்கு விடாதீர்கள். திருடன் தப்பிவிடுவான், வழக்கு உங்கள் பேரில் வரும். உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கேபிள்காரர் பணம் வாங்க வரும்போது, இந்த நான்கு கோரிக்கைகளையும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். தெரு முழுக்கக் கேட்டால் கம்பெனிக்குக் கட்டாயம் சொல்வார்.