வண்டுக்கு வேலி ஏது?

கல்முனைக் கரையோரத்தில் தென்னை இல்லாத வளவு அரிது. மருதமுனை தொடங்கி நிந்தவூர், அக்கரைப்பற்று ஈறாக, மணற்பாங்கான நிலத்தில் செல்வரும் வறியவரும் ஒருங்கே நம்பி நடும் எண்ணெய்ப் பயிர் அதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோள் இக்கரையைச் சூறையாடிய பின்னரும் மனந்தளராது மீண்டும் கன்று நட்டவர்கள் நம் மக்கள். அந்த உழைப்பின் பயனை வண்டுக்கு இரையாக்குவதா?

காண்டாமிருக வண்டு எனப்படும் கருவண்டு விரியாத குருத்தைத் துளைக்கிறது. அந்தக் காயத்தின் வாடை பிடித்து வரும் செவ்வண்டு அதில் முட்டையிடுகிறது. செவ்வண்டின் புழு மரத்தை உள்ளிருந்தே தின்கிறது. கேடு கண்ணுக்குப் புலனாகும்போது மரம் பெரும்பாலும் கைதப்பிப் போய்விடுகிறது. அதன் பின்னர் மருந்துக் கடைக்கு ஓடுவதால் இலாபம் யாருக்கு? கடைக்காரருக்கே!

கருவண்டு வானத்திலிருந்து வருவதில்லை. உக்கிய தென்னங்குற்றியிலும், கிளறப்படாத எருக்குவியலிலும், மரக்காலைத் தூளிலும் அது பிறந்து, சில மாதங்களில் வண்டாகி வெளிப்படுகிறது. பகைவனுக்குப் பாசறை அமைத்துக் கொடுப்போர் நாமே!

செய்யவேண்டியது யாது? புதுக்கன்று நடுமுன் பட்ட மரங்களை வேரோடு அகற்றிப் பிளந்து எரித்தல். கன்றுகளை நெருக்காது 26 அடி இடைவெளியில் நடுதல். பச்சை மட்டையை வெட்டி மரத்தைக் காயப்படுத்தாதிருத்தல். இளங்கன்றின் மட்டைக் கக்கங்களில் வேப்பம் பிண்ணாக்கும் மணலும் இடுதல். அகற்ற முடியாத குற்றிகளின் மேல் அவரையினக் கொடிகளை அடர்த்தியாகப் படரவிட்டு வண்டின் கண்ணிலிருந்து மறைத்தல். இவற்றுள் எதற்கு அந்நியச் செலாவணி வேண்டும்?

நஞ்சே கதி என்போருக்கு ஒன்று கூறுவோம். 1970ஆம் ஆண்டளவில் ஓலையை அரிக்கும் புதியதொரு வண்டு இந்நாட்டுத் தென்னையைத் தாக்கியது. அதை அடக்கியது சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறு குளவி! அதற்காக, 2021இல் நடந்ததுபோல் ஒரே ஆணையில் இரசாயனங்களின் இறக்குமதியைத் தடுத்து, மாற்றுவழி காட்டாது உழவனை நடுத்தெருவில் நிறுத்துவதையும் நாம் ஏற்கமாட்டோம். அவ்வாண்டு முடியுமுன்னரே அவ்வாணை கைவிடப்பட்டதை நாடறியும்.

ஒருவர் தம் வளவைத் துப்புரவாக்க, அயலவர் குற்றியை உக்கவிட்டால் பயன் என்ன? பள்ளிவாசல் காணி, கோயில் காணி, அரச காணி என்ற பேதத்தை வண்டு அறியாது. தமிழர் வளவில் பிறந்தது முஸ்லிம் வளவில் மேயும். முஸ்லிம் வளவில் பிறந்தது தமிழர் வளவில் மேயும். கொழும்பில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஊரில் காணியைப் பூட்டி வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் வேலிக்குள் வளர்வது உங்கள் அயலவரின் நட்டம் என்பதை உணர்வீர்களாக!

பயிர்ப் பீடைகள் பரவாது தடுக்க 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டு. லுணுவிலையில் தென்னை ஆராய்ச்சி நிலையம் உண்டு. சட்டம் ஏட்டிலும் அறிவு லுணுவிலையிலும் கிடந்தால் கல்முனைக் கன்று பிழைக்குமா? ஆண்டுதோறும் மாரிக்கு முன் ஒரு வாரத்தைக் குற்றி அகற்றும் வாரமாக மாநகர சபையும் பிரதேச சபைகளும் பிரகடனம் செய்யட்டும். அகற்றிய மரங்களை ஏற்றிச் செல்ல வண்டி அனுப்பட்டும். அதிகாரிகள் வளவுக்கு வந்து, உழவனின் மொழியில் அவனுக்கு விளக்கட்டும்.

இதைச் செய்யாத சபைக்கு, வாக்குக் கேட்டு நம் வளவுக்குள் நுழைய என்ன உரிமை இருக்கிறது?