மன்னிப்புக் கேட்காத ரசிகர்கள்

பழைய ரசிகர்களுக்குப் புதிய ஞானம் பிறந்திருக்கிறது. 'யெஸ்' என்ற ஆங்கில ராக் இசைக் குழுவின் 'டிராமா' என்ற இசைத்தட்டு மகத்தானதாம்! 1980-இல் வெளிவந்த தட்டு அது. அன்று அதைச் சீந்தாமல் ஒதுக்கியவர்களே இன்று அதற்கு ஆலவட்டம் வீசுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தட்டு நல்ல தட்டுத்தான். எனக்குக் கோபமெல்லாம் அவர்கள் அதைச் சொல்லுகிற விதத்தில்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1968-இல் லண்டனில் தோன்றிய குழு அது. பன்னிரண்டு வருஷ காலம் அதன் குரலாக இருந்தவர் ஜான் ஆண்டர்சன். பெண் குரலோ என்று மயங்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடுகிறவர். 1979-இன் கடைசியில் புதுத் தட்டுக்காகப் பாரிஸில் கூடினார்கள், ஒத்து வரவில்லை. ஆண்டர்சனும், கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனும் பிரிந்து போனார்கள். எஞ்சியவர்கள் மூவர்: பேஸ் கிதார் கிறிஸ் ஸ்குயர், கிதார் ஸ்டீவ் ஹௌ, டிரம்ஸ் ஆலன் ஒயிட். காலியான இடத்துக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? டிரெவர் ஹார்ன், ஜெஃப் டௌன்ஸ் என்ற இருவர். 'பகிள்ஸ்' என்ற பெயரில் 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்' என்ற பாட்டைப் போட்டு, 1979-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தவர்கள். துக்கடா பாடுகிறவர்களைக் கொண்டுவந்து பெரிய கச்சேரிக்கு உட்கார்த்திவிட்டார்களே என்று ரசிகர் கூட்டம் குமுறியது.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அதை மறைத்துக்கொண்டு இதை எழுதினால் என்னைவிடப் போலி வேறு யாரும் இல்லை. கசெட்டை வாங்கினேன். முதல் பாட்டு 'மெஷின் மெசையா' பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடக்கூடியது. அதில் குரல் எழும்புகிற இடம் வரைக்குந்தான் கேட்டேன். "இது அவர் இல்லையே!" நிறுத்திவிட்டேன். மறுநாளே அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் தூக்கிக் கொடுத்தாயிற்று. ஒரு வாரம் கழித்து அவன் தயங்கித் தயங்கி, "நன்றாகத்தானே சார் இருக்கிறது?" என்றான். "உனக்கு என்னடா தெரியும்!" என்றேன். அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் என்னுடைய அலட்சியத்தால் யாருக்கும் தொண்டை கட்டவில்லை. மேடையில் நின்றவனை நினைத்துப் பாருங்கள். புதுப் பாட்டுக்களோடு ஆண்டர்சனின் பழைய பாட்டுக்களையும் ஹார்ன் பாட வேண்டியிருந்தது. அவருடைய சாரீரத்துக்கு எட்டாத உயரம் அது. அந்த உயரத்தை ஊர் ஊராக, இரவுக்கு இரவு எட்டிப் பிடிக்க வேண்டும். தொண்டை திணறிற்று. அமெரிக்காவிலாவது பரவாயில்லை, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவுகளுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. சொந்த தேசத்துக்கு வந்தார்கள். அங்கேதான் கூச்சலும் கேலியும்! வேடிக்கையைக் கேளுங்கள்: அதே இங்கிலாந்தில்தான் அந்தத் தட்டு விற்பனையில் இரண்டாம் இடத்துக்கு ஏறியிருந்தது. காசு கொடுத்து வாங்கவும் வாங்கிவிட்டு, காசு கொடுத்து உள்ளே வந்து கத்தவும் கத்தினார்கள். அந்த டிசம்பரோடு கச்சேரிகள் முடிந்தன. 1981 தொடக்கத்தில் குழுவே கலைந்து போயிற்று.

பழகிய குரலை இழந்த துக்கம் குற்றமில்லை. நானும் தொடர்கதை எழுதுகிறவன். கதாநாயகனை ஊரை விட்டு அனுப்பிய வாரத்தில் எனக்கு வருகிற கடிதங்களை நீங்கள் படித்தால் தெரியும். ஆனால் புதிதாக வந்தவனின் பேரில் அந்தத் துக்கத்தைக் கல்லாக எறிவானேன்?

சரி, இன்று என்ன சொல்லிப் புகழ்கிறார்கள்? 'மாறுதல் காலத் தட்டு' என்கிறார்கள். 1983-இல் ஆண்டர்சன் திரும்பி வந்து, ஹார்ன் தயாரிப்பாளராக இருந்து, '90125' என்ற தட்டு வெளியாயிற்று. அதிலுள்ள ஒரு பாட்டு 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. ஆகவே 'டிராமா' அதற்குப் போட்ட பாலமாம்! இது எல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பக்கத்தைப் படித்தவன் பேசுகிற பேச்சு. பத்தாவது அத்தியாயத்தில் நிற்கிற பாத்திரத்துக்கு இருபதாவது அத்தியாயம் தெரியுமா? அந்த ஐந்து பேரும் பாலம் கட்டுவதற்காக ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. பாட்டுக் கட்டப் போனார்கள். ஆறு பாட்டுக்கள். அவற்றில் ஒன்றாவது 'இன்னொன்றுக்கு வழி' என்று சொல்லிக்கொண்டு ஒலிக்கவில்லை. 'டெம்பஸ் ஃப்யூஜிட்'டில் பேஸ் கிதார் ஓடுகிற ஓட்டத்தைக் கேளுங்கள். அதற்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் வேறு எதுவுமில்லை.

இன்னொரு சாரார், "ஆண்டர்சன் இல்லாமலே நடத்திக் காட்டினார்கள் பார்!" என்கிறார்கள். அன்று ஹார்னை அடிக்க ஆண்டர்சன் தடியாக இருந்தார்; இன்று ஆண்டர்சனை அடிக்க ஹார்ன் தடி. ரசிகர்களுக்குக் கையில் ஏதாவது ஒன்று வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது வகையினர்தான் சாமர்த்தியசாலிகள். புகழையெல்லாம் பழைய மூவருக்கே கொடுத்துவிடுவார்கள். "ஸ்குயரின் பேஸ் ஒன்றே போதுமே, தட்டைத் தூக்கி நிறுத்திவிட்டது!" ஐயா, 'ரன் த்ரூ த லைட்' என்ற பாட்டில் பேஸ் வாசித்தவர் டிரெவர் ஹார்ன். ஸ்குயர் அதில் பியானோ வாசித்தார். தட்டின் உறையில் அச்சடித்திருக்கிறது.

புதிதாக வந்தவனை அன்று ஏசினோம். இன்று அவனை விட்டுவிட்டு அவன் பாடிய தட்டைப் புகழ்கிறோம். தட்டு என்ன செய்யும்? அது 1980-இல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறவில்லை, ஒரு ஸ்வரம் மாறவில்லை. மாறியவர்கள் நாம். "நாங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அப்புறம் புகழலாமே? அந்த ஒரு வாக்கியந்தான் யார் வாயிலும் வரமாட்டேன் என்கிறது.

2016-இல் அந்தக் குழு 'டிராமா'வை முழுக்க மேடையில் வாசித்தது. ஸ்குயர் முந்தின வருஷம் காலமாகியிருந்தார். பாட வேறொருவர் இருந்தார். இங்கிலாந்தில் இரண்டு கச்சேரிகளுக்கு மட்டும் ஹார்ன் வந்து, 'டெம்பஸ் ஃப்யூஜிட்' ஒன்றைப் பாடிவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷங்களுக்கு முன்னால் தன்னைக் கூச்சலிட்டு விரட்டிய அதே தேசத்தில்! கீழே உட்கார்ந்திருந்தவர்களில், அன்றும் வந்திருந்த நரைத்த தலைகள் எத்தனையோ? எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை. பக்கத்து வீட்டுப் பையனும் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ!