மேனுவல் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

கிட் ஆம்ப்ளிஃபயர் என்பது பாதி சாமான், பாதி காகிதம். டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், தகரப் பெட்டி எல்லாம் ஒரு பாதி என்றால், அவற்றை எப்படிக் கோக்க வேண்டும் என்று சொல்லும் மேனுவல் இன்னொரு பாதி. முதல் பாதி ஐம்பது வருடம் ஆனாலும் பரணில் கிடக்கும். இரண்டாவது பாதிதான் எப்போதும் தொலைகிறது. பிறகு அதைத் தேடி உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள்.

இந்தக் கூத்துக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஹீத்கிட். மிச்சிகன் மாநிலத்தில் பெண்டன் ஹார்பர் என்ற ஊரில் இருந்த ஹீத் கம்பெனி முதலில் விமானம் செய்தது (ஆமாம், நிஜ விமானம்!). போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த உபரி பாகங்களை வைத்து 1947-ல் ஆஸிலாஸ்கோப் கிட் ஒன்றை விற்றது. அது பிய்த்துக்கொண்டு போக, அடுத்து ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டிவி என்று வரிசையாக வந்தன. 1992-ல் கிட் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது.

ஹீத் விற்றது சாமானை அல்ல, மேனுவலைத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. சால்டரிங் அயர்னைத் தொட்டே பார்க்காதவரும் செய்து முடிக்கும்படி அது எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் டிக் அடிக்க ஓர் அடைப்புக்குறி. ரெசிஸ்டர் என்றால் அதன் வண்ணங்கள் வரிசையாக. இந்த இடத்தில் இப்போதே சால்டர் வை, அந்த இடத்தில் இன்னும் ஒரு கம்பி வரும், பொறு என்பதற்கெல்லாம் தனிக் குறியீடு. கடைசியில் 'சிக்கல் வந்தால்' என்று ஓர் அத்தியாயம்: எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்ற பட்டியலோடு. உங்களைத் தோற்க விடமாட்டோம் என்பது அவர்களின் விளம்பர வாசகம். வெறும் வாய்ச்சவடால் இல்லை, மேனுவலைப் பார்த்தால் புரியும்.

'சர்க்யூட் தெரிந்தவனுக்கு மேனுவல் எதற்கு? போர்டைப் பார்த்து வரைந்துவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. வால்வு காலத்து மெஷின் என்றால் ஓரளவு சரி, வால்வின் பெயர் வால்வின் மேலேயே இருக்கும். டிரான்ஸிஸ்டர் காலத்து ஹீத்கிட்டில் அந்தப் பருப்பு வேகாது. பல டிரான்ஸிஸ்டர்களின் தலையில் 417 என்று ஆரம்பிக்கும் ஹீத்தின் சொந்த எண் மட்டுமே இருக்கும். அது ஊரறிந்த எந்த டிரான்ஸிஸ்டர் என்று சொல்வது மேனுவலின் பாகப் பட்டியல்தான். பட்டியல் போனால் அந்த எண் யாருக்கும் புரியாத ரகசிய எழுத்து.

வால்வு மெஷினிலும் முழுசாகத் தப்ப முடியாது. பிலடெல்பியாவில் இருந்த டைனாகோ 1959-ல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 ஆம்ப்ளிஃபயர், கிட்டாகவும் ரெடிமேடாகவும் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் முன்பக்கம் எட்டுப் பின் சாக்கெட்டுகள் இருக்கும். ப்ரீஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுப்பதற்கானவை. பவர் வால்வுகளின் பயாஸை அளப்பதும் அங்கேதான். மீட்டரில் 1.56 வோல்ட் வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். உள்ளே 15.6 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், இரண்டு வால்வுகளும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்று அதற்கு அர்த்தம். மேனுவல் கையில் இல்லாமல் எந்த மகானுக்கு இது தோன்றும்? குத்துமதிப்பாகத் திருகினால் வால்வின் தகடு சிவந்து எரியும். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற பெட்டி அது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். ஆகவே இது பழைய சாமான் பிரியர்களின் செல்லப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

லட்சக்கணக்கில் விற்ற பொருளின் மேனுவல் எப்படிக் காணாமல் போகும்? காரணம் ரொம்பச் சாதாரணம். கட்டி முடித்ததும் மேனுவலின் வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் கை மாறும்போது காகிதம் கூடப் போவதில்லை. கம்பெனியும் மூடியபின் யாரிடம் கேட்பது?

இங்கே ஒரு வேடிக்கை. அதே காலத்தில் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் சவுத்வெஸ்ட் டெக்னிகல் ப்ராடக்ட்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஹீத் அளவுக்குப் பெரியதில்லை, மேனுவலும் அத்தனை நேர்த்தி இல்லை. ஆனால் அவர்களின் 'டைகர்' வரிசை ஆம்ப்ளிஃபயர்கள் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' போன்ற பத்திரிகைகளில் செய்முறைக் கட்டுரைகளாக வந்தன. கட்டுரையில் சர்க்யூட்டும் பாகப் பட்டியலும் இருக்கும். பத்திரிகையை நூலகங்கள் பைண்டு செய்து வைத்தன, பின்னால் ஸ்கேனும் ஆனது. கம்பெனி போய்ப் பல வருடம் ஆகியும் தகவல் பிழைத்திருக்கிறது. ஹீத்தின் அருமையான மேனுவலோ பெட்டிக்குள் வந்த காகிதம். பெட்டிக்குள் வரும் காகிதத்தை எந்த நூலகம் அடுக்கி வைக்கும்?

ஹீத்கிட்டின் கல்விப் பிரிவு 2008-ல் தன்னிடம் மிச்சமிருந்த பழைய மேனுவல்கள், வரைபடங்களில் பெரும்பகுதியை, நகல் எடுத்து விற்கும் அனுமதியோடு கலிஃபோர்னியாவின் டேட்டா ப்ரொஃபஷனல்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. விலைக்கு வாங்கியவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியவர்களும் அவர்களே. ஆனால் ஒரு தலைமுறையின் செய்முறை அறிவு ஒரே அலமாரியில் இருப்பது நல்லதா? அந்த அலமாரிக்கு அடுத்து யார் பொறுப்பு?

சட்டமும் உதவிக்கு வராது. அமெரிக்காவில் 1964 முதல் 1977 வரை முறையான காப்புரிமைக் குறிப்போடு வெளியானவற்றுக்கு 95 வருடப் பாதுகாப்பு. 1970-ல் அச்சான மேனுவல் 2065 முடியும்வரை பூட்டுக்குள். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் அதுவரை காய்ந்து போகாமல் காத்திருக்குமா என்ன? :-) 1964-க்கு முந்தையவை பரவாயில்லை. 28-வது வருடம் புதுப்பித்திருந்தால்தான் உரிமை நீடிக்கும், புதுப்பித்தார்களா என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். நாவலுக்கும் பாட்டுக்கும் போட்ட கணக்கை ரெசிஸ்டர் பட்டியலுக்கும் போடுவது அபத்தம். ஒரு பொருளைத் தயாரிப்பதை நிறுத்தும் நாளில் அதன் மேனுவலின் ஒரு பிரதியைப் பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், பழுது பார்ப்பவர்கள் நகல் எடுக்கத் தடை இருக்கக் கூடாது என்று விதி வந்தால் யாருக்கு நஷ்டம்? விற்பதையே நிறுத்திய கம்பெனிக்கு அதில் பறிபோக என்ன இருக்கிறது?

விதி வரும்வரை, பரணில் மேனுவல் வைத்திருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது எல்லாம். அவர்களிலும் பலர் சர்க்யூட் படத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாகப் பட்டியல், வோல்ட்டேஜ் அட்டவணை, மடித்து வைத்த பெரிய படங்களின் பின்பக்கம், ஓரத்தில் கட்டியவர் பென்சிலால் குறித்த அளவுகள் எல்லாம் வேண்டும். முக்கியமாக, கம்பெனி பிற்பாடு சேர்த்து அனுப்பிய திருத்தச் சீட்டு. அதை விட்டுவிட்டால், பழைய தவறான மதிப்பே ஸ்கேனில் நிரந்தரமாகி, அடுத்து பழுது பார்ப்பவர் அதையே நம்பி சால்டர் செய்வார்.