தண்ணீர் கேனில் மண்ணெண்ணெய்

1971 செப்டம்பர் 6. மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்கு 121 பேருடன் கிளம்பிய பிஏசி ஒன்-லெவன் ஜெட், தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்திலேயே இரண்டு இன்ஜின்களையும் இழந்தது. கீழே ஆட்டோபான் நெடுஞ்சாலை. வேறு வழியின்றி விமானி அதிலேயே இறக்கினார். ஹாஸ்லோ என்ற ஊருக்கு அருகே சாலைக்குக் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. ஓடிவந்த விமானம் அதில் மோதி, உடைந்து, தீப்பிடித்தது. 22 பேர் இறந்தார்கள். 99 பேர் பிழைத்தார்கள். அந்தப் பாலம் கொஞ்சம் தள்ளி இருந்திருந்தால் எல்லோருமே இறங்கி நடந்திருக்கக்கூடும்.

இன்ஜின்கள் ஏன் நின்றன? அந்த ரக விமானம் முழுப் பாரத்தோடு மேலெழும்போது, இன்ஜின் அளவுமீறிச் சூடாகாமலிருக்க, தாது உப்பு நீக்கிய தண்ணீரை உள்ளே பீய்ச்சுவார்கள். அன்று அந்தத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிய கேன்கள் சிலவற்றில் இருந்தது மண்ணெண்ணெய், அதாவது விமான எரிபொருள். குளிர்விக்க வேண்டியது நெருப்பை வளர்த்தது. இரண்டும் பார்வைக்குத் தெளிந்த திரவங்கள்தாம். ஆனால், மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோயிருந்தால் குழந்தைகூடச் சொல்லியிருக்கும்.

விமானத்தின் சொந்தக்காரர் பான்இன்டர்நேஷனல், மியூனிக்கைச் சேர்ந்த சார்ட்டர், அதாவது வாடகை விமானக் கம்பெனி. 1968இல் பிறந்தது. பான்யூரோப்பா என்ற சுற்றுலா நிறுவனத்தின் கைப்பிள்ளை. அந்நாளில் வழக்கமான தடங்களின் கட்டணத்தைப் பெரிய விமான நிறுவனங்கள் கூடிப் பேசித் தீர்மானித்தன. ஓட்டல் அறையோடு சேர்த்து விற்கும் சார்ட்டர் பயணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் லட்சக்கணக்கான ஜெர்மானியத் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் வாழ்நாளில் முதல்தடவையாக மத்தியதரைக் கடலைப் பார்த்தார்கள். இதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

விபத்துக்குப் பிறகு வழக்கமான பாட்டு கேட்டது: மலிவு டிக்கெட், மலிவு உயிர். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. விழுந்தது ஓட்டை உடைசல் அல்ல, கிட்டத்தட்டப் புதிய ஜெட். சிக்கல் வேறிடத்தில். சாதாரண வாடகை விமானக் கம்பெனிக்குப் பல வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரு சுற்றுலா நிறுவனம், ‘உங்கள் பராமரிப்பு சரியில்லை’ என்று சொல்லி அடுத்த கம்பெனிக்குப் போய்விடலாம். பான்இன்டர்நேஷனலிலோ சீட்டு விற்பவரும் விமானம் ஓட்டுபவரும் ஒரே வீட்டுக்காரர்கள். விடுமுறைக்கால ஜெட் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அந்த வீட்டுக்குத்தான் நஷ்டம். ‘நிறுத்து, பார்க்கலாம்’ என்று சொல்ல வெளியே மிஞ்சியது ஒரே ஆள், அரசின் விமானப் போக்குவரத்து அலுவலகம்.

அது கண்ணை மூடிக்கொண்டதா என்ற கேள்விதான் கம்பெனியைவிடப் பெரிய இடத்தைத் தொட்டது. ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றக் குழு நிர்வாகி கார்ல் வீனான்ட், சான்சலர் வில்லி பிராண்டின் அரசுக்கு நாடாளுமன்றத்தில் வாக்கு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டவர். இந்தக் கம்பெனியிடம் அவர் ஆலோசகர் கட்டணம் வாங்கினார், அதற்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினார் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. தண்ணீர் கேனில் ஆரம்பித்த விவகாரம் கட்சிச் சண்டையாக மாறியதும், பராமரிப்புக் கூடத்தில் யார் எதைச் சரிபார்த்தார்கள் என்ற சலிப்பூட்டும், ஆனால் உயிர்காக்கும் கேள்வி பின்வரிசைக்குப் போனது. பத்திரிகைகளுக்கும் அதில் ருசி இல்லை.

விபத்து நடந்த அடுத்த மாதமே, 1971 அக்டோபரில், பான்இன்டர்நேஷனல் இழுத்து மூடப்பட்டது. கார்ல் வீனான்ட் 1974 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.