ஷாக் இறுகினால் வண்டி பலமாகிவிடாது

பழைய மாருதி ஜிப்ஸியையோ மஹிந்திரா தாரையோ காட்டுப்பாதைக்குத் தயார் செய்கிறவர்கள் உதிரிபாகக் கடையில் ஒரு சோதனை வைப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்த ஷாக் அப்சார்பரைத் தரையில் ஊன்றி, உடம்பின் எடையைப் போட்டு அமுக்குவார்கள். சுலபமாக இறங்கிவிட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இறங்க அடம்பிடித்து, கையை எடுத்ததும் தண்டு தானாக எழுந்து நின்றால் முகம் மலர்ந்துவிடும். "கேஸ் ஷாக்குங்க, சும்மா கல்லு மாதிரி நிக்கும்" என்று கடைக்காரரும் ஒத்து ஊதுவார். பேரம் அங்கேயே படிந்துவிடும்.

அந்தச் சோதனையால் தெரியவருவது அநேகமாக ஒன்றுமில்லை. தண்டை மேலே தள்ளுவது உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன். 14 மி.மீ. தண்டு, 25 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தள்ளுவிசை சுமார் 39 கிலோ. நான்கு ஷாக்கும் சேர்ந்தாலும் 150 கிலோ சொச்சம். வண்டி கொஞ்சம் எழும்பி நிற்கும், அவ்வளவுதான். குலுக்கலை அடக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சின் பூர்சியே த கார்போன் உருவாக்கிய ஒற்றைக்குழாய் முறையை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் வளர்த்தெடுத்தது. 1957-இல் அது மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குப் போனது. அதில் வாயுவை அடைத்தது ஷாக்கை இறுக்குவதற்காக அல்ல, ஆயிலில் நுரை கட்டாமல் இருப்பதற்காக. நுரைத்துப்போன ஆயில் பிஸ்டனுக்குத் தடை கொடுக்காது.

ஆனாலும் "கரடுமுரடான பாதைக்கு இறுக்கமான ஷாக்" என்ற நம்பிக்கை மெக்கானிக்கிடமிருந்து வாடிக்கையாளருக்கும், வாடிக்கையாளரிடமிருந்து அவருடைய நண்பர்களுக்கும் தொற்றிக்கொண்டே போகிறது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எதையும் தாங்குவதில்லை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் இருக்க, ஆயிலைச் சிறு துளைகள் வழியாகப் பிதுக்கி, அசைவை வெப்பமாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பிஸ்டன் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அதைப் பொறுத்தே தடையும் அமைகிறது. கடையில் கையால் அமுக்கும்போது பிஸ்டன் நகர்வது நொடிக்குச் சில சென்டிமீட்டர். ஓடும் வண்டி பாறை விளிம்பில் மோதும்போது அதே பிஸ்டன் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேலும் பாயும். அந்த வேகத்தில் வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பானெட்டை அமுக்கிவிட்டு "எத்தனை ஆட்டம் ஆடுது" என்று எண்ணுவதும் இதே ரகம்தான். முழுதாகச் செத்துப்போன ஷாக்கை அதில் கண்டுபிடிக்கலாம், மற்றபடி பயனில்லை.

அளவுக்கு மீறி இறுகிய ஷாக் என்ன செய்யும்? பாதையில் ஒரு சாண் கல் கிடக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும், மேலே உடல் அசையாமல் இருக்க வேண்டும். ஷாக் மடங்க மறுத்தால் அந்த அடி நேராக சேஸிஸுக்குப் போகிறது. ஷாக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் விரிசல் விழும், புஷ் நசுங்கும், உள்ளே இருப்பவர்களின் இடுப்பு ஒடியும். அதைவிட மோசம், சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். காற்றில் சுழலும் சக்கரத்துக்கு ஃபோர் வீல் டிரைவ் இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

மேல்நோக்கிய அடியையாவது ஓட்டுநர் உணர்ந்துவிடுவார். திரும்பி விரிவதில் இருக்கும் இறுக்கம் சத்தமில்லாமல் கெடுக்கும். ஸ்பிட்டியிலும் லடாக்கிலும், ஆஸ்திரேலியாவில் சுமார் 660 கி.மீ. நீளும் கிப் ரிவர் ரோட்டிலும், மண்பாதை தகரக் கூரை போல அலை அலையாக இறுகிக் கிடக்கும் இடங்கள் உண்டு. முகட்டுக்கு முகடு முக்கால் மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 22 முறை ஏறி இறங்குகிறது. அமுங்கிய சக்கரம் அடுத்த முகடு வருவதற்குள் கீழே இறங்கியாக வேண்டும். ஷாக் அதை விடாமல் பிடித்து வைத்தால், ஒவ்வொரு முகட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் வண்டி பம்ப் ஸ்டாப் ரப்பர்மேல் உட்கார்ந்து ஓடும். "இவ்வளவு இறுக்கமான ஷாக் போட்டும் தூக்கிப் போடுதே" என்று உரிமையாளர் இன்னும் இறுக்கமானதைத் தேடிக் கிளம்புவார். அந்தச் சாலையில் உண்மையில் தேவைப்படுவது டயரின் காற்றைக் குறைப்பதும், சூடாகித் தளர்ந்துபோகாத ஷாக்கும்தான்.

ஜிப்ஸி விஷயத்தில் இந்த நம்பிக்கை இரட்டைத் தண்டனை. 1985 முதல் 2019 வரை இந்தியாவில் விற்ற அந்த வண்டிக்கு நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே துள்ளலை ஓரளவு அடக்கிவிடும். துருவும் சேறும் ஏறிய பட்டைகளில் அந்த உராய்வு இன்னும் கூடும். அதன்மேல் முரட்டு ஷாக்கையும் மாட்டினால் வண்டி கட்டை வண்டியாகிவிடும். முதலில் பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு ஷாக்கைப் பற்றி யோசிப்பதுதான் முறை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முரட்டுப் பாதையிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். டக்கார் பந்தயத்தில் 2022-இல் வந்த டி1 பிளஸ் பிரிவு, சக்கரம் மேலும் கீழும் பயணிக்கும் தூரத்தை 280 மி.மீட்டரிலிருந்து 350 மி.மீட்டராகக் கூட்டியது. மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் பறக்கும் பந்தய டிரக்குகளின் பைபாஸ் ஷாக்குகள், பயணத்தின் நடுப்பகுதியில் தாராளமாக விட்டுக்கொடுத்து, கடைசிக் கட்டத்தில்தான் கெட்டிப்படும்படி அமைக்கப்பட்டவை. காசுக்குக் கவலைப்படாத அந்தக் கூட்டம் இறுக்கத்தை வைத்துக் காரியத்தை முடித்திருக்க முடியுமென்றால் எப்போதோ முடித்திருக்கும். பந்தயமே வேண்டாம் என்பவர்களுக்கு சிட்ரோயன் 2சிவி இருக்கிறது. உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலிருக்கும் முட்டை உடையக் கூடாது என்ற நிபந்தனையோடு வடிவமைத்து, 1948-இல் அறிமுகமான விவசாயிகளின் கார் அது. பஞ்சுபோன்ற அந்த சஸ்பென்ஷனோடுதான் 1970-இல் நூற்றுக்கணக்கான 2சிவி கார்கள் பாரிஸிலிருந்து காபூலுக்குப் புறப்பட்டன.

இறுக்கக் கட்சிக்காரர்கள் கையில் ஒரு நியாயமான வாதம் உண்டு. "புது ஷாக் போட்டதும் வண்டி நல்லாயிருக்கே!" நிச்சயம் நன்றாக இருக்கும். ஆயில் கசிந்து, சீல் போன கிழட்டு ஷாக்கைக் கழற்றிவிட்டு எதை மாட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் கம்பெனி ஷாக்கைப் புதிதாக வாங்கி ஒப்பிட வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. இரும்பு பம்பர், வின்ச், கூரையில் கூடாரம், இரட்டை பேட்டரி என்று நிரந்தரமாகச் சுமை ஏற்றியவர்களுக்கு இறுக்கம் கொஞ்சம் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே முதலில் மாற வேண்டியது ஸ்பிரிங். கெட்டியான ஸ்பிரிங் அதிக வேகத்தில் திருப்பி உதைக்கும் என்பதால், அதற்கு ஈடாக விரிவுத் தடையையும் கூட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு போன்ற தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சுமை வாரியாக ஜோடி சேர்த்து விற்பது இதனால்தான். வாரம் முழுக்க ஒற்றை ஆளோடு ஆபீஸுக்குப் போய்வரும் தாருக்கு, சுமை வண்டிக்கான ஷாக்கைப் பரிந்துரைப்பவர் வண்டியைப் பார்க்கவில்லை, பர்ஸைப் பார்த்திருக்கிறார்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் எடை மேடைக்குப் போக வேண்டும். லாரிகள் ஏறும் அதே மேடையில், பயணத்துக்கு ஏற்றும் சாமானோடும் ஆட்களோடும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக எடை பார்த்துச் சீட்டு வாங்கிவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

ஒற்றைக்குழாயா இரட்டைக்குழாயா என்ற சண்டையிலும் ஒரேயடியான பதில் கிடையாது. ஒற்றைக்குழாய் சீக்கிரம் சூடு தணியும். ஆனால் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சுவர் என்பதால், கல் பட்டு ஓரிடம் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் வேலை நடக்கும், சூடுதான் சீக்கிரம் ஏறும். பாறைகளுக்கிடையே மெல்ல ஊர்கிறவருக்கும் மண்பாதையில் நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கும் வெவ்வேறு விடை.

கடைசியாக, யாரும் கேட்காத அளவு ஒன்று உண்டு: நீளம். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டுப் பழைய நீளத்திலேயே ஷாக் போட்டால், சக்கரம் முழுதாகத் தொங்குவதற்குள் தண்டு கடைசி வரை இழுபட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் சீலும் பிராக்கெட்டும் அடி வாங்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று நீளமானதை மாட்டினால், ரப்பர் தொடுவதற்கு முன்பே பிஸ்டன் அடிமட்டத்தில் இடிக்கும். இதைத் தவிர்க்க ஒரு மத்தியான வேலை போதும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி ஒரு முறையும், பிரேக் ஹோஸ் இழுபடாத அளவுக்கு இறக்கி ஒரு முறையும் ஷாக் மாட்டும் இரு முனைகளுக்கு இடையே டேப் பிடிக்க வேண்டும். வாங்கும் ஷாக்கின் சுருங்கிய நீளம் முதல் அளவைவிடக் குறைவாகவும், விரிந்த நீளம் இரண்டாவதைவிடச் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களைக் கேட்டால் பல கடைகளில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பெட்டியில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.